ஒரகடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்

சென்னை விமான நிலையத்தில் என்னுடைய மூன்று பெட்டிகளில் இரண்டு மட்டுமே வந்து சேர்ந்தன. இரண்டிலும் வேலைச் சாமான். துணிமணி இருந்த மூன்றாவது பெட்டி எங்கோ வேறு ஊருக்கு உலாப் போய்விட்டது. சுங்கத்தில் நின்றிருந்தவர் முதல் பெட்டியைத் திறந்து, தலைமுடி கனத்துக்கு இருந்த கண்ணாடிக் குழாய்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதற்கு என்றார். ஒரு சொட்டுத் திரவத்தை எடுத்து எடை போட என்றேன். ஒரு சொட்டை எடை போட இவ்வளவு தூரமா என்று கேட்டவர், சிங்கப்பூரில் எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் பினாங்கிலிருந்து வருகிறேன், அது மலேசியா என்று திருத்தினேன். அந்தப் பயணத்தில் அப்படித் திருத்தியது அது முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜில் அறை எடுத்ததும் செய்த முதல் காரியம், எதிரே இருந்த துணிக்கடையில் இரண்டு சுடிதார் வாங்கியதுதான். என் உடம்புக்கு ஆகிற அளவில் ஒரே ஒரு நிறம்தான் இருந்தது, வெளிர்நீலம். கடைக்கார அம்மாள் எந்தக் கம்பெனி என்று கேட்டார். வெளியே வந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அதே வெளிர்நீலத்தில் இருந்தார்கள்.

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். கம்பெனிப் பேருந்து, ஷிப்ட் முடிகிற நேரத்து நெரிசல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவுமே எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் தொழிற்சாலைச் சுவரை ஒட்டிக் கடல் இருக்கும். இங்கே வல்லம் வடகாலில் சுவரை ஒட்டி நாற்று நட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி, மறு பக்கம் கொக்கு. இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யவில்லை.

நான் வந்த வேலை இதுதான். வல்லம் வடகாலில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் எங்களிடமிருந்து ஒரு கருவி வாங்கியிருந்தது. புத்தகத்தில் அதை நிறை நிறமாலைமானி என்று எழுதுவார்கள். வேலை செய்கிறவர்கள் மாஸ் ஸ்பெக் என்பார்கள். நான் தராசு என்பேன். ஏதாவது கறையின் மேல், குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு சொட்டுக் கரைப்பானை ஒற்றுவோம். கறையில் இருப்பதைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அந்தச் சொட்டு குழாய்க்குள் திரும்பும். பிறகு மின்சாரம் ஏற்றிய நுனியில் பனிப்புகைபோலச் சிதறி, அதில் இருக்கும் மூலக்கூறுகள் தனித்தனியாகக் கருவிக்குள் பறக்கும். அது அவற்றை எடை போட்டுத் திரையில் கோடு கோடாகக் காட்டும். எடை தெரிந்தால் ஆள் யார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதை அங்கே இருந்த ஜெனிபர் என்ற வேதியியல் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஜெனிபர் வாலாஜாபாத் பக்கத்துப் பெண். கேள்வி கேட்பதில் புலி. முதல் நாளே, கருவி பொய் சொல்லுமா மேடம் என்றாள். கருவி சொல்லாது, அதன் முன்னால் உட்காருகிற நாம்தான் சொல்வோம் என்றேன். இரண்டு நாளில் அதை நானே நிரூபித்துக்காட்டினேன்.

புதன்கிழமை காலை நல்ல மழை. எனக்கு வர வேண்டிய கார் ஒரகடம் பக்கம் தண்ணீரில் நின்றுவிட்டதாக ஓட்டுநர் போனில் சொன்னார். டீக்கடையில் ஒதுங்கினேன். பசியாறிவிட்டீர்களா என்று கடைக்காரரிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். எங்கள் ஊரில் காலை வேளையில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். அவர் நான் ஏதோ பழைய புராணத்திலிருந்து இறங்கி வந்ததுபோலப் பார்த்துவிட்டு, இன்னும் இல்லை தாயே என்றார். டீ மட்டும் பிரமாதம். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயில் பாதி கனம், இரண்டு பங்கு இஞ்சி.

ஷேர் ஆட்டோ ஒன்று வந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த வண்டியில் ஒன்பதாவதாக என்னை ஏற்றிக்கொண்டார்கள். எனக்காக இடுப்பை ஒடுக்கி இடம் விட்டவள் முப்பது வயதுப் பெண். அதே வெளிர்நீலச் சுடிதார், தேங்காய் எண்ணெய் வாசம், பின்னலில் ஒரு முழம் மல்லி. என் நீலத்தைப் பார்த்தாள்.

"புதுசா சேர்ந்திருக்கியாக்கா? எந்த லைன்?"

பக்கத்தில்தான் வேலை என்று முனகினேன். அது பொய்யில்லை. அதற்குள் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி, நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். தள்ளியவர்களில் இருவர் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொண்டதை அந்தப் பெண்ணே எனக்குத் தமிழில் சொன்னாள். ஒருவன், எங்கள் ஊரில் மழைக்காக அழுகிறார்கள், இங்கே அது ஆட்டோவுக்குள்ளேயே வருகிறது என்றானாம். மற்றவன், சம்பளமும் இப்படி வந்தால் நன்றாக இருக்கும் என்றானாம். லைனில் பக்கத்து மேசைக்காரி பீகார் பெண் என்பதால் ஒரு வருஷத்தில் இந்தி வந்துவிட்டதாம்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவள் கதை முழுக்கத் தெரிந்துவிட்டது. பெயர் சுமதி. கார்களின் பின்பக்கக் கேமராவுக்கு லென்ஸ் பொருத்தும் கம்பெனி. ஒவ்வொரு லென்ஸின் மேலும் காற்றை ஊதித் தூசி தட்டி, கூட்டுக்குள் உட்கார வைக்கும் மேசைக்கு, ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள்தான் அவளை மாற்றியிருக்கிறார்கள். அதே வாரம் லென்ஸ்களில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பொட்டுகள் வர ஆரம்பித்தன. பூச்சு உரிந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. அவள் தலை எண்ணெய்தான் காரணம் என்று முடிவு கட்டி, அந்த மேசையை மூடிவிட்டு, அவளை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள். மாதக் கடைசியில் நிரந்தர வேலைக்கான பட்டியல் போடப் போகிறார்கள். நாலு வருஷமாக அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"தலைக்கு எண்ண வெச்சா குத்தமாக்கா? உள்ள ஒரு தொப்பி, அதுக்கு மேல குல்லா, கண்ணு மட்டும் தெரியற மாதிரி மூடிகினுதான் போறேன். எவனோ சிங்கப்பூர்லேர்ந்து மெஷினு எடுத்துகினு வரானாம். அவன் சொல்றதுதான் முடிவாம்."

அந்த எவனோ நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வல்லம் முனையில் இறங்கிக்கொண்டு, குடையை மறந்து ஆட்டோவிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

பதினோரு மணிக்கு அந்தக் கம்பெனியின் தர மேலாளர் தனசேகரன் வந்தார். நாற்பது வயது, மரியாதையான மனிதர். பேசும்போதே போனைப் பார்த்துக்கொள்வார், வாடிக்கையாளர்கள் அவரை அப்படிப் படுத்தியிருந்தார்கள். ஒரு தட்டில் லென்ஸ்கள் கொண்டுவந்தார். கூடவே ஒட்டிய பையில் ஒரு வலைத்தொப்பி. அது சுமதியுடைய தொப்பி, ஆதாரமாக எடுத்து வைத்திருக்கிறாராம்.

"ஹேர் ஆயில்தான் மேடம், எங்களுக்குத் தெரியும். உங்க ரிப்போர்ட் ஒண்ணு இருந்தா ஃபைலை க்ளோஸ் பண்ணிடலாம்."

தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுச் சாட்சி தேடி வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பினாங்கிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மைக்ராஸ்கோப்பில் லென்ஸ் அழகாகத்தான் இருந்தது. வெயிலில் நடந்தவன் மூக்கில் வியர்வை பூப்பதுபோலக் குட்டிக் குட்டித் துளிகள். ஒரு துளியின் மேல் எங்கள் சொட்டை ஒற்றி எடுத்தோம். திரையில் கோடுகள் எழும்பின. சந்தேகமே இல்லை, தாவர எண்ணெய். தனசேகரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. தேங்காய் எண்ணெய் மூலக்கூறுகள் எடை குறைந்தவை, அறுநூறு எழுநூறு பக்கம் நிற்கும். இவை எண்ணூற்று எழுபதைத் தாண்டி நின்றன. இன்னொரு நாள் வேண்டும் என்றேன். நாளை சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

சாப்பாட்டு வேளையில் ஜெனிபரின் புளிசாதத்தில் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். ஒரு கையில் மழைக்குப் பிடித்து வந்த என் குடை, இன்னொரு கையில் சின்ன பாட்டில்.

"சிங்கப்பூர் மேடத்தப் பாக்கணும், தனசேகரன் சார் இங்கதான் வந்தாராம்" என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நீயாக்கா?" என்றாள். பிறகு மெதுவாக, "நீங்களா மேடம்?" என்றாள்.

அந்த இரண்டாவது கேள்வியில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காலையில் சொல்லாதது என் தப்பு என்று சொல்லி, உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பாட்டிலை மேசையில் வைத்தாள். வாலாஜாபாத் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், அவள் தினமும் தலைக்கு வைப்பது.

"இதையும் எடை போடுங்க மேடம். இதுதான்னா நானே ஒத்துக்கறேன். இது இல்லன்னா அதையும் எழுதிக் குடுங்க."

குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு மழையிலேயே போய்விட்டாள். நான் இப்படிக் கருவி முன்னால் உட்கார ஆரம்பித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. எத்தனையோ பேர் எத்தனையோ மாதிரி கொண்டுவந்திருக்கிறார்கள். தன் மேல் குற்றம் விழுமா என்று தெரியாமல், தன் எண்ணெயைத் தானே கொண்டுவந்து கொடுத்தவள் இவள் ஒருத்திதான்.

சுமதியின் எண்ணெயைப் போட்டுப் பார்த்தோம். அறுநூறு, எழுநூறு என்று சமர்த்தாக நின்றது. லென்ஸ் துளி வேறு ஆள். யார் என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. எனக்கு வயிறு சமாதானம் ஆனால்தான் மூளை வேலை செய்யும். லாட்ஜுக்குக் கீழே இருந்த மெஸ்ஸில் உட்கார்ந்தேன். பினாங்கில் காலையிலேயே நாசி கண்டார் என்று மலைபோலச் சோறும் குழம்பும் சாப்பிடுகிற ஜாதி நாங்கள். இங்கே பூப்போல இட்லி நாலு, பொடி, பொடியில் குழி பண்ணி எண்ணெய். நாலு எட்டானது. பரிமாறியவர் கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினார். கார் வந்து ஹாரன் அடித்தது. கையை அவசரமாக ஒரு கழுவு கழுவிக்கொண்டு ஓடினேன்.

ஆய்வுக்கூடத்தில் நாளைத் தொடங்கும்போது வெறும் கண்ணாடியை முதலில் போட்டுப் பார்ப்பது வழக்கம். திரை காலியாக இருக்க வேண்டும். கருவி சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். அன்று காலியாக இல்லை. கோடுகள் வரிசையாக எழும்பின. கையுறையை மாட்டுவதற்கு முன்னால் கண்ணாடியை எடுத்தது நான்தான். என் விரலில் இருந்தது எட்டு இட்லியின் எண்ணெய். முப்பது வருஷ அனுபவம் என்று நேற்றுவரை பீற்றிக்கொண்டதற்கு நல்ல சன்மானம். துடைத்துப் போடப் போனவளை ஜெனிபர் தடுத்தாள்.

"மேடம், நேத்து லென்ஸ்ல வந்ததும் இதுவும் ஒண்ணா இல்ல?"

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கோடும் பொருந்தியது. அதற்கும் மேலாக, முந்நூறு சொச்சத்தில் ஒரு சின்னக் கோடு, எள்ளுக்கே உரிய ஒரு பொருள். நேற்று அதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். லென்ஸில் இருந்தது நல்லெண்ணெய்.

ஒருவேளை நேற்றே லென்ஸில் என் விரல் பட்டிருந்தால் என்ற பயம் வந்தது. நேற்றுக் காலை நான் சாப்பிட்டது டீயும் பன்னும்தான். ஆனாலும் என்னை நானே நம்பவில்லை. லென்ஸைத் தொட ஜெனிபரை மட்டும் விட்டு, நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். புதிய லென்ஸ், புதிய கையுறை. அதே நல்லெண்ணெய்.

தனசேகரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தேங்காய் எண்ணெய் இல்லை, ஆகவே சுமதியின் தலை எண்ணெய் இல்லை என்றேன். அவர், பெண்கள் வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவார்கள், அவளும் முழுகியிருப்பாள் என்றார். மனிதர் லேசில் விடுகிறவர் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வருகிறது என்று மேசை மேசையாகத் தேடுவோம், எங்களை உள்ளே விடுங்கள் என்றேன்.

மத்தியானம் நானும் ஜெனிபரும் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு உள்ளே போனோம். போகிற வழியில் நடைச்சுவரில் ஆயுத பூஜைப் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருந்தது. வாழைக்கன்று கட்டிய மெஷின்கள், சந்தனம், குங்குமம், நடுவில் கற்பூரத் தட்டோடு தனசேகரன். படத்தில் மனிதர் சிரிக்கிறார். நேரில் நான் அதைப் பார்த்ததில்லை.

மூடிக் கிடந்த மேசையில் ஒன்பது இடங்களில் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒற்றி எடுத்தோம். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, அவள் தொப்பியையும் சேர்த்துப் பத்தாகப் போட்டுப் பார்த்தோம். தொப்பியின் உட்புறம் தேங்காய் எண்ணெய், வெளிப்புறம் ஒன்றுமே இல்லை. எண்ணெய் தொப்பியைத் தாண்டவே இல்லை என்று ஜெனிபர் சத்தமாகப் படித்தாள். நல்லெண்ணெய் இருந்த இடம் ஒன்றே ஒன்று, காற்று ஊதும் துப்பாக்கியின் மூக்கு. அதில் கோடுகள் திரையை முட்டின.

வெள்ளிக்கிழமை காலை தனசேகரனையும் கூட்டிக்கொண்டு அந்தக் காற்றுக் குழாய் எங்கே போகிறது என்று தொடர்ந்தோம். அது சுவரைத் துளைத்துக்கொண்டு மெஷின்களின் பின்பக்கம் போனது. அங்கே குழாயின் நடுவில், கைக்கு அடங்கும் அளவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். சில மெஷின்களுக்கு ஓடும் காற்றோடு எண்ணெய் போக வேண்டும்; அதற்காக எண்ணெயைத் துளித்துளியாகக் காற்றில் கலந்துவிடுகிற கிண்ணம் அது. லென்ஸில் ஊதுகிற காற்றில் எண்ணெயே ஆகாது என்பதால் இதை எப்போதும் காலியாகவே வைத்திருப்பார்கள் என்று தனசேகரன் விளக்கினார். விளக்கிக்கொண்டே பார்த்தார். கிண்ணத்தில் முக்கால்வாசிக்குப் பொன்னிறமாக எண்ணெய் மின்னியது. மூடியில் குங்குமப் பொட்டு.

அந்த நேரம் பார்த்து, பூஜைத் தட்டோடு ஏகாம்பரம் வந்தார். அங்கே துடைப்பது, கழுவுவது, வெள்ளிக்கிழமை பூஜை போடுவது எல்லாம் அவர்தான். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விளக்கு எண்ணெய்க் கிண்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கிண்ணத்திடம் போனார். தனசேகரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

என்ன பண்றீங்க என்று கேட்டார். ஏகாம்பரம் சொன்ன பதிலை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவைத்திருக்கிறேன்.

"நீங்கதான சார் சொன்னீங்க, பூஜை அன்னிக்கு எந்த டப்பாவும் காலியா இருக்கக் கூடாதுன்னு. எல்லா டப்பாலயும் ரெண்டு அரிசி, ஒரு பூ போட்டேன். இது எண்ணக் கிண்ணியாச்சே, இதுல அரிசியா போடுவாங்க? வெளக்குக்கு வாங்கின நல்லெண்ணய ஊத்தினேன். வாரா வாரம் கொறஞ்சிகினே வந்துச்சு. மெஷினு ஏத்துகிச்சுன்னு நெனச்சி ரொப்பிகினே கீறேன். மேசைய மூடுனதுலேர்ந்துதான் கொறயவே இல்ல. மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு சார்."

முகமூடிக்குள் சிரிப்பை அடக்கியதில் ஜெனிபரின் தோள் குலுங்கியது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. அந்த மனிதர் எவ்வளவு பக்தியோடு, எவ்வளவு ஒழுங்காக, வாரம் தவறாமல் ஆயிரக்கணக்கான லென்ஸ்களுக்கு எண்ணெய் அபிஷேகம் செய்திருக்கிறார். சொன்ன சொல்லைத் தட்டாத ஒரே ஆள் அந்தக் கம்பெனியில் அவராகத்தான் இருப்பார்.

தனசேகரன் நடைக்குப் போய், மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றார். நானும் போய்ப் பார்த்தேன். கற்பூரத் தட்டோடு அவர் சிரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பின்னால், மெஷினின் இடுக்கில் அந்தக் கிண்ணம் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அந்தப் படத்தைத் தாண்டித்தான் தினமும் போய்வந்திருக்கிறார். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வாங்க மேடம் என்று முன்னால் நடந்தார்.

அட்டைப்பெட்டிப் பிரிவு கட்டடத்தின் கோடியில் இருந்தது. சுமதி தரையில் உட்கார்ந்து அட்டையை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் தனசேகரனைப் பார்த்தேன். அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

"தப்பு என் மேலதான் சுமதி" என்றார் தனசேகரன். "எதுவும் காலியா இருக்கக் கூடாதுன்னு சொன்னது நான். விசாரிக்காம உன்னை இங்க அனுப்பினதும் நான்தான்."

நடந்ததை முழுக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நிரந்தரப் பட்டியலுக்கான தாளை வரவழைத்து, எல்லோர் முன்னாலும் அவள் பெயரை எழுதினார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பசை ஒட்டிய விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, பின்னால் தலையைக் குனிந்து நின்ற ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"என் தொப்பியக் குடுத்துடுங்க சார். அப்புறம், எனக்குப் பதிலா இவர இங்க ஒக்கார வெச்சிடாதீங்க. கிண்ணத்தக் கழுவுனா போதும்."

எனக்குக் கண் கலங்கியது. முகமூடியைக் கழற்றி அதாலேயே துடைத்துக்கொண்டேன். தனசேகரன் தலையை ஆட்டினார். ஏகாம்பரம், சோப்புப் போட்டே கழுவறேன் சார் என்றார். அதற்கு எல்லோருமே சிரித்தார்கள், தனசேகரனும்தான்.

சாயங்காலத்துக்குள் கிண்ணம் கழுவி, குழாயை மாற்றி, காற்றை ஊதி, லென்ஸை எங்களிடம் அனுப்பினார்கள். திரை காலி. காலித் திரையைப் பார்த்து ஜெனிபர் கை தட்டினாள். அறிக்கையில் தேங்காய் எண்ணெய் இல்லை என்ற வரியைத் தமிழிலும் எழுதச் சொன்னாள், எழுதினேன். அதைக் கொடுக்கப் போனபோது, கிண்ணத்தின் மேல் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இது காலியாகவே இருக்க வேண்டும்.' லைனிலேயே நல்ல கையெழுத்து சுமதியுடையதாம், தனசேகரன் அவளைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறார். தாளின் நான்கு மூலையிலும் ஏகாம்பரம் சந்தனம் தொட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை காணாமல் போன பெட்டி லாட்ஜுக்கு வந்து சேர்ந்தது. அதே மத்தியானம் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. கடைசியாகக் கருவியை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று, காரை வேண்டாம் என்று சொல்லி, வெளிர்நீலச் சுடிதாரிலேயே ஷேர் ஆட்டோ பிடித்தேன். சுமதி இருந்தாள். இடுப்பை ஒடுக்கி இடம் விட்டாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, எண்ணெய் பளபளப்பதைக் காட்டினாள்.

"இன்னாக்கா, உன் தலை இப்படிக் காஞ்சி கெடக்குது? அந்த பாட்டில்ல மீதி கீதுல்ல, எடுத்துகினு போ. அங்கல்லாம் இது கெடைக்காது."

மேடம் மறுபடி அக்கா ஆகியிருந்தது. பினாங்கில் தெருவுக்கு நாலு தென்னை நிற்கிறது என்று நான் அவளைத் திருத்தவில்லை. சிங்கப்பூரில் பத்திரமாக இரு என்று இறங்கும்போது சொன்னாள், அதையும் திருத்தவில்லை.

பினாங்கு விமான நிலையத்தில் சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக் குழாய்களை ஒதுக்கிவிட்டு, அந்தச் சின்னப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது என்ன எண்ணெய் என்றார். எடை போட்டுப் பார்க்காமலே பதில் சொன்னேன்.